ரதியை ஆடுவது யார்?

மலையகத்தில் எவ்விழா நடப்பினும், அது பாடசாலைப் பரிசளிப்பு விழாவாயினுஞ் சரி, தொழிற்சங்கத்தின் மே தினமாயினுஞ் சரி, அமைச்சர் ஒருவர் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்கும் வைபவமாயினுஞ் சரி, நிகழ்ச்சி நிரலிலே தவறாது இடம்பெறும் அம்சம் ஒன்றுண்டு. அதற்குக் 'கொழுந்து நடனம்' என்று பெயர். எட்டு அல்லது பத்துச் சிறுமியர் ஒரே நிறத்துச் சேலை உடுத்து, முதுகிலே விளையாட்டுக் கூடைகளைக் கட்டிக்கொண்டு, சினிமாப் பாட்டொன்றின் மெட்டுக்கு இசைய மேடைக்கு வருவர். இடப்புறம் இரு முறை, வலப்புறம் இரு முறை காற்றிலே கிள்ளுவர். கிள்ளியதைத் தோளுக்கு மேலால் எறிவர். தொடக்கம் முதல் முடிவு வரை சிரித்த முகத்தோடு நிற்பர். பிரமுகர்கள் கைதட்டுவர். பின்னர் ஒருவர் எழுந்து, உழைக்கும் மக்களின் கலை வாழ்க என்று பேசுவார்.

நானும் அதனை ஆடியவளே. பன்னிரண்டு வயதிலே ஆடி முடித்துப் பரிசும் பெற்று லயத்துக்குத் திரும்பிய இரவில், அடுப்படியிலே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என் தாயார் கேட்டார்: "ஏம்புள்ள, கொழுந்து எடுக்கிறவ எதுக்கு அப்படிச் சிரிச்சுக்கிட்டே நிக்கிறா?"

அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அவர் குறை கூறுவதற்காகக் கேட்கவுமில்லை. உண்மையிலேயே அறியாது கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொழுந்து பறித்த ஒரு பெண், தன் தொழிலை மேடையிலே கண்டும் அதனைத் தன் தொழிலென அடையாளங்காண முடியாமற் போனமையே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

அத்தொழிலைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுதல் வேண்டும். ஏனெனில் நம் பல்கலைக்கழகத் தோழர்களிற் பலர் தேயிலையைக் கோப்பையில் மாத்திரமே கண்டவர்கள். கண்டியிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாக மடுல்கெல்லைக்குச் செல்லும் பஸ்ஸிலே ஒரு முறை ஏறியிருப்பின், நக்கிள்ஸ் தொடரின் மேற்குச் சரிவு எத்துணைச் செங்குத்தானது என்பதை அவர்கள் அறிந்திருப்பர். அச்சரிவிலே நிற்பவள் இரு கால்களையும் ஒரே மட்டத்தில் வைக்க முடியாது. மேற்கால் மடங்கியிருக்கும், கீழ்க்கால் விறைத்திருக்கும். உடலின் பாரம் கீழ்க்காலின் வெளி விளிம்பிலே இறங்கும். கூடையின் கயிறு தலையிலே தொங்குவதால் கழுத்து முன்னோக்கி நீளும். இடுப்பிலே சுற்றிய படங்கு மழையில் நனைந்து கனத்திருக்கும். அட்டை கடித்த இடத்தைக் குனிந்து பார்க்க நேரமிராது. ஈரிலையும் மொட்டுமாகத் தெரிந்து கிள்ளும் விரல்களோ கண்ணின் கட்டளைக்குக் காத்திராமல் தாமே இயங்கும். இரு கைகளும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையிலே போய்வரும். மாலையில் நிறுவையிலே சொன்ன கிலோ வராவிடின் 'அரைப்பேர்'தான். காற்றை இருமுறை இடமும் இருமுறை வலமுமாகக் கிள்ளுகின்ற அந்த மேடை அசைவிலே இவற்றுள் எதுவும் இல்லை. அதிலே இருப்பது வெளியாரின் கண். தேயிலைப் பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட பெண்ணின் படத்தை எழுப்பி நிறுத்தி நாமே ஆடுகிறோம் என்பதே உண்மை.

நடனத்தைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டு ஏன் தோட்ட வேலையை விரிக்கிறாய் என்று கேட்போர்க்கு என் மறுமொழி இது. மலையகத் தமிழ்ப் பெண்ணின் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டதன்று. கங்காணியின் கீழ் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தோருள் பெண்களும் இருந்தனர். அவர்களிடமிருந்து நமக்கு ஒரு கடிதமும் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் இல்லை. தோட்டத்துச் செக்ரோலிலே பெயரும் வேலை நாளும் உண்டு, அவ்வளவே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் எனப்பட்டது. 1984 வரை ஒரே வேலை நாளுக்கு ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலியுமே வழங்கப்பட்டன. 1980களிலே கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிப்போர்க்கு அரசு பணம் கொடுத்தது. வறுமையின் அடியிலே கிடந்த பெண்ணுக்கு அப்பணம் எத்தகைய 'சம்மதத்தை' வாங்கியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இவை யாவும் எழுதப்பட்ட இடம் பெண்ணின் உடலே. அவ்வுடலின் அசைவை ஒதுக்கிவிட்டு அவள் வரலாற்றை எவ்வாறு அறிவது?

என் அம்மாயியை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மூத்த சகோதரி 1970களின் தொடக்கத்திலே குடும்பத்தோடு கடல் கடந்து போனார். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு நம் மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். அப்பெயரைவிடப் பொருத்தமான ஒரு பெயரை எந்த வரலாற்றாசிரியரும் இதுவரை அவ்வொப்பந்தத்துக்குச் சூட்டவில்லை. அக்காள் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. புகையிரத நிலையத்து மேடையிலே அன்று அம்மாயி நிலத்திலிருந்து ஒப்பாரி வைத்தாராம், உயிரோடு போகிறவருக்கு. இன்றும் எங்கேனும் இழவு வீட்டில் அவர் மார்பிலே கைவைத்து முன்னும் பின்னும் அசையத் தொடங்கினால், இறந்தவருக்காக மாத்திரம் அவர் அழவில்லை என்பது எனக்குத் தெரியும். என் தாயாரும் அதே அசைவில் அழுகிறார். அக்கோச்சியை அவர் கண்டதில்லை. அவர் பிறந்தது அதற்குப் பின்னர்தான். ஒரு தலைமுறையின் துயர் மறு தலைமுறையின் உடலுக்கு எவ்வாறு போகிறது என்பதை நான் நூலிற் படிக்கு முன்னரே வீட்டிலே கண்டேன்.

இனி மாசி மாதத்துக்கு வருவோம்.

மலையகத் தமிழரின் பெருங்கலை காமன் கூத்து என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டங்களிலே ஆடப்படுவனவே. ஆயினும் ஒரு தோட்டத்தின் அனைவரையும் வெளியே இழுத்து நிறுத்தும் ஆற்றல் காமனுக்கே உண்டு. மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டபின் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றப்படும். அதன்பின் இரவுகள் தோறும் தப்பு முழங்கும். ரதிக்கும் மதனுக்கும் வேடந் தாங்குவோர் விரதங் காப்பர். பௌர்ணமியை ஒட்டிய இரவிலே ரதி மதன் திருமணம் நடைபெறும், தூதன் ஓலை கொண்டு வருவான், வீரபத்திரன் தோன்றுவான், இறுதியிலே சிவனின் நெற்றிக் கண்ணால் காமன் தகனமாவான். அப்போது விடியற்காலை நெருங்கியிருக்கும். அவ்வேளையிலே ரதி புலம்புவாள்.

அந்தப் புலம்பலைக் கேட்டு அழாத பெண்ணை எங்கள் டிவிசனில் நான் கண்டதில்லை. பொட்டலின் ஓரத்திலே குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பெண்கள் வரிசையாக இருப்பர். ரதி தலைவிரித்துச் சாம்பலைச் சுற்றி வருகையில் அவ்வரிசை முழுதும் அசையும். சிலருக்கு அருள் வரும். சிலர் தம் மகனின் பெயரைச் சொல்லி அழுவர், சிலர் போன அண்ணனின் பெயரை. அந்த ஒப்பாரியின் மெட்டும் மூச்சும், மார்பிலே அறையும் கையின் காலப்பிரமாணமும் அவ்வரிசையிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒப்பாரி பெண்களின் கலை என்பதை மறுப்பார் உளரோ? ஆயினும் பொட்டலின் நடுவிலே அதனை ஆடுபவர் சேலை கட்டிய ஓர் ஆண். பெண்ணோ தன் அழுகையைப் பிறர் ஆடக் கண்டு ஓரத்திலிருந்து அழும் உரிமையை மாத்திரம் உடையவள்.

ரதி வேடந் தாங்கும் அண்ணன்மாரை நான் இகழவில்லை. அவர்களுட் சிலரின் கலைத்திறன் வியக்கத்தக்கது. பகல் முழுதும் மலையிலே கவ்வாத்து வெட்டிவிட்டு இரவெல்லாம் ஆடுகிறவர்கள் அவர்கள். என் வழக்கு அவர்களோடன்று.

சென்ற ஆண்டு மாசியின் முன்னர், எங்கள் டிவிசனைச் சேர்ந்த இளம்பெண்கள் அறுவர் கூடி விழாக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பஞ் செய்தோம். ஓர் இரவு, ஒரே ஓர் இரவு, ரதியை ஒரு பெண் ஆடட்டும் என்பதே அது. விரதமும் இருப்போம், வாத்தியாரிடம் பாட்டும் பயில்வோம் என்றோம். மறுத்துவிட்டனர். மரியாதையாகவே மறுத்தனர். அவர்கள் கூறிய காரணங்கள் மூன்று. அவை எங்கள் தோட்டத்தின் காரணங்கள் மட்டுமல்ல. படித்த வட்டாரங்களிலும் சற்று மெருகேற்றிய மொழியில் அவற்றையே கேட்கிறேன். ஆதலால் இங்கே எடுத்து மறுத்தல் தகும்.

முதலாவது, தீட்டு. "விரதம் கெட்டுடும் தாயி" என்றார் பெரியவர் ஒருவர். நன்று. அதே பெரியவரின் மனைவியார் மாரியம்மன் திருவிழாவிலே ஆண்டுதோறும் தீச்சட்டி எடுக்கிறார். கரகம் எடுக்கும் பெண்ணும் காவடி எடுக்கும் பெண்ணும் அதே லயத்துப் பெண்களே. அங்கே விரதத்துக்குரிய உடல் இங்கே எவ்வாறு விரதத்துக்கு ஆகாததாயிற்று? நேர்த்தி வைத்து வருந்துவதற்குப் பெண்ணுடல் தூயது, கதை சொல்லி ஆடுவதற்குத் தூயதன்று என்றால், சிக்கல் தூய்மையிலே இல்லை, ஆட்டத்திலே இருக்கிறது.

இரண்டாவது, மரபு. மரபை மாற்றலாகாது என்கிறார்கள். ஒலிபெருக்கி கட்டியபோது மரபு மாறவில்லையா? தீவட்டி போய் மின்விளக்கு வந்தபோது? திருமணக் காட்சியிலே சினிமாப் பாட்டுக்கு மதன் ஆடுகையில் விசிலடித்துக் காசு குத்துவது எந்த மரபு? மரபென்பது பெண் வாசலுக்கு வரும்போது மட்டும் கதவைச் சாத்துகின்ற காவலாளியாக இருப்பது வியப்புக்குரியது.

மூன்றாவதை அவர்கள் நேரே கூறவில்லை. கூட்டம் முடிந்து திரும்புகையிலே உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நாளைக்கு ஒன்னையக் கட்டிக்கப் போறவன் என்னா நெனப்பான்?" என்றார். முன்னைய இரண்டும் இம்மூன்றாவதற்குப் போர்த்திய சால்வைகள் என்றே கருதுகிறேன். ஆடும் பெண் மானங்கெட்டவள் என்னும் இவ்வெண்ணம் தோட்டத்தில் முளைத்ததன்று. அதற்கு நீண்ட வரலாறுண்டு. அவ்வரலாற்றின் நடுவிலே நாம் பாடசாலையிற் பயிலும் பரத நாட்டியம் நிற்கிறது.

பரதத்தின் கதையை இளந்தலைமுறை அறிந்துகொள்வது நலம். தமிழகத்திலே தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைக் காத்தவர் தேவதாசிப் பெண்களும் நட்டுவனார்களுமே. சதிர் என்று வழங்கிய அதனை 1935இல் ருக்மிணி தேவி மேடையேறி ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அத்தடை வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும் ஆட்டம் மதிப்புப் பெற்ற அதே காலத்திலே, அதனைத் தம் உடலிலே வைத்துக் காத்த பெண்கள் மேடையினின்றும் மறைந்தனர். பாலசரஸ்வதி போன்ற மிகச் சிலரே அவ்வழியிலிருந்து வந்து இறுதிவரை தலைநிமிர்ந்து ஆடினர். ஒரு கலை 'கௌரவம்' பெறுகிறது என்று கேள்விப்படும்போதெல்லாம், அது யாருடைய கையிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

நம் தமிழ்ப் பாடசாலைகளிலே 'நடனம்' என்னும் பாடத்தின் பொருள் பரதமே. நானும் ஐந்தாண்டு பயின்றேன். அதன் அழகை மறுக்குமளவுக்கு நான் நன்றி கெட்டவளல்லேன். ஆனால் அப்பாடத்திலே மலையகப் பெண் கற்றுக்கொள்ளும் மறைமுகப் பாடம் ஒன்றுண்டு: ஆடவேண்டுமாயின் முதலில் உன் உடலை மறந்துவிடு. உன் பாட்டியின் சாய்ந்த நடையைத் திருத்து. அரைமண்டியிலே நேராக நில். ஒரு நடனப் போட்டியிலே நாங்கள் கும்மியையும் குலவையையும் சேர்த்து ஒன்றை ஆடியபோது, நடுவர் ஒருவர் "இது நடனம் அல்ல, வேலை" என்று புள்ளியைக் குறைத்தார். அவர் அறியாமற் கூறிய அச்சொற்றொடர் எனக்கு இன்றும் பயன்படுகிறது.

கண்டியிலே வாழும் நமக்கு இன்னோர் உதாரணம் கண்ணெதிரேயே இருக்கிறது. உடரட்ட நடனம், அதாவது கண்டிய நடனம், கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கிலே வேர்கொண்டது. அதுவும் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. அங்கும் விரதமும் தூய்மையும் மரபும் காரணங்களாகக் கூறப்பட்டன. 1932இல் பிறந்த வஜிரா சித்திரசேன அம்மையார் அவ்வாட்டத்தைக் கற்று, பெண்ணுடலுக்குரிய ஓர் ஆடல் முறையை அதிலிருந்து வகுத்தார். 1952இல் 'சண்டாலி' என்னும் நாட்டிய நாடகத்திலே அவர் ஆடினார். இன்று கண்டிய நடனம் பயிலும் சிங்களச் சிறுமியர் எத்தனை ஆயிரம்! கொஹொம்ப தெய்வம் அதனாற் கோபித்து மழையை நிறுத்தியதாகச் செய்தியில்லை. அடுத்த மலையிலே அரை நூற்றாண்டுக்கு முன்னர் முடிந்த விவாதத்தை நாம் இன்னும் தொடங்கவேயில்லை.

பேராதனையைப் பற்றியும் ஒரு சொல் கூறாதிருப்பது நேர்மையன்று. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இப்பல்கலைக்கழகத்திலே கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகிய தயாரிப்புகள் ஈழத்துத் தமிழ் அரங்கின் வரலாற்றையே மாற்றியமைத்தன. அதற்கு நாம் யாவரும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அந்நான்கும் மட்டக்களப்பின் வடமோடி தென்மோடி மரபிலே கால்கொண்டவை. இம்மண்டபங்களிலிருந்து பார்த்தாற் கண்ணுக்குத் தெரியும் மலைகளிலே அதே ஆண்டுகளில் மாசி தோறும் காமன் எரிந்துகொண்டிருந்தான். அவனுக்கு அத்தகையதொரு மேடை இங்கே கிடைக்கவில்லை. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பதிவு செய்ததனால் நமக்குச் சில ஏடுகளேனும் உள்ளன. ஏட்டிலிருந்து உடலுக்கு வரும் பணி இன்னும் கிடக்கிறது.

உலகிலே பிறர் என் செய்தனர் என்று நோக்கின், அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண்களின் அனுபவம் நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. 1989இல் சிட்னியிலே 'பங்கார்ரா' என்னும் நடன அரங்கு நிறுவப்பட்டது. விராஜுரி மொழியிலே அச்சொல்லுக்கு நெருப்பு மூட்டுதல் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நாட்டு அரசு ஆதிக்குடிக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. 1997இல் வெளியான விசாரணை அறிக்கை அதனை உலகறியச் செய்தது. 2008 பெப்ரவரி 13இல் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்திலே மன்னிப்புக் கோரினார். மொழி பறிக்கப்பட்ட பேத்திக்குப் பாட்டியின் கதையைச் சொல்லச் சொற்கள் இல்லை. ஆதலால் உடலால் தேடவேண்டியதாயிற்று. அவ்வரங்கின் ஆட்டக்காரியாக இருந்து, 2023இல் அதன் கலை இயக்குநரான பிரான்சிஸ் ரிங்ஸ் என்னும் பெண்மணி, 2012இலே வறண்ட உப்பேரி ஒன்றின் நிலத்தைப் பொருளாகக் கொண்டு ஆட்டமொன்றை அமைத்தார். அங்கே நிலமே பாட்டி.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் ஆதிக்குடிகள் அல்லோம். அவர்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டது. நாமோ பறிக்கப்பட்ட நிலத்துக்கு உழைக்கக் கொண்டுவரப்பட்டோம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் இம்மலைகளை இழந்தோர் கண்டிச் சிங்களக் குடியானவர். அவ்வுண்மையை மறைத்து, 'எங்கள் தொன்மை நிலம்' என்று மேடையிலே ஆடுவோமாயின் அது பொய்யாட்டமாகும். நமக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு வேறு வகையானது. தொன்மையால் வந்ததன்று, புதைத்த பிணங்களால் வந்தது. தேயிலைத் தூருக்கடியிலே உரமாகிப் போனவர்களின் பேத்திகள் நாங்கள். பிறருடைய சொல்லைக் கடன் வாங்காமல் அதனை ஆடவேண்டும்.

கடன் வாங்கிய சொல் என்றதும் நினைவுக்கு வருவது 'ஆற்றுப்படுத்தல்'. அண்மைக் காலத்திலே நம் தோட்டங்களுக்கு வரும் திட்டக்காரர்கள் இச்சொல்லை நிறையக் கொண்டு வருகிறார்கள். பெண்களை வட்டமாக இருத்தி, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். வண்ணத் தாளிலே மனத்தின் வலியை வரையச் சொல்வார்கள். இரண்டு நாள் நடக்கும், மதியச் சாப்பாடு உண்டு, நிழற்படம் எடுப்பார்கள், அறிக்கை எழுதப்படும். மூன்றாம் நாட் காலை அதே பெண்கள் பிரட்டுக்கு நிற்பார்கள். வலிக்குக் காரணமான ஒன்றையும் தொடாமல் வலியை மாத்திரம் தடவிக்கொடுக்கும் இவ்வித்தையை என்னால் ஏற்க முடியவில்லை. சினங்கொள்ள வேண்டிய பெண்ணைச் சாந்தமாக்குவது யாருக்கு இலாபம்?

ஆயினும் அச்சொல்லை அவர்களிடமே விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. தமிழ் பயிலும் நாம் அதன் பழம்பொருளை அறிவோம். ஆற்றுப்படை என்பது வழிகாட்டுதல். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன் எதிர்வரும் கூத்தனை நோக்கி, நான் வந்த வழி இது, இங்கே பாறை வழுக்கும், அங்கே யானை வரும், இன்ன ஊரிலே சோறு கிடைக்கும் என்று கூறுவதே அது. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் மலைவழியின் நூலன்றோ? அக்கூட்டத்திலே விறலியும் நடந்தாள். உடலின் மெய்ப்பாட்டாற் பொருள் தோன்ற ஆடியவள் அவள். ஆற்றுப்படுத்தல் என்றால் நடந்து வந்தவள் நடக்கப் போகிறவளுக்கு வழி சொல்லுதல். தலைமுறைகளின் காயம் ஆறுவது பற்றி இதனினும் தெளிவான விளக்கம் எனக்குக் கிட்டவில்லை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் விளைந்த கூட்டு மனவடுவைப் பற்றி எழுதுமிடத்து, ஒப்பாரி முதலான நம் சடங்குகளின் ஆற்றலை வற்புறுத்தியிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஒப்பாரியிலே பெண் தனியே அழுவதில்லை. இருவர் தோளைப் பிணைத்து, ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் முடித்து அழுகின்றனர். யார் எதனால் இறந்தார், யார் கைவிட்டார் என்றெல்லாம் பெயர் சொல்லியே அழுகின்றனர். அங்கே ஆறுதலும் குற்றச்சாட்டும் ஒரே மூச்சிலே வருகின்றன.

முற்போக்குத் தோழர்கள் இவ்விடத்திலே குறுக்கிடுவர் என்பது தெரியும். சம்பளம் போதவில்லை, காணியுரிமை இல்லை, நூற்றாண்டு பழைய லயங்களின் கூரை ஒழுகுகிறது. இந்நிலையில் ரதியை யார் ஆடினால் என்ன என்பர். இவ்வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரோடு தோட்டந் தோட்டமாகச் சென்ற மீனாட்சி அம்மாள், கூட்டங்களிலே முதலிற் பேசவில்லை, பாடினார். பேச்சைக் கேட்க வராதவர்களும் பாட்டைக் கேட்க வந்தனர். தொழிலாளரை ஒன்று கூட்டியதிலே அப்பாட்டுக்குப் பங்கில்லை என்று கூறும் துணிவு எந்தத் தொழிற்சங்கவாதிக்கு உண்டு? அன்றியும் கூலி வேறு ஆட்டம் வேறு என்று பிரிப்பது முறையன்று. 1984 வரை பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்த மனமும், அவள் அழுகையை ஆணிடம் கொடுத்த மனமும் ஒன்றே. அவள் கூலியைக் கணவன் கையிலே கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பேசும் தோழர், அவள் ரதியை ஆணின் கையிலே கொடுப்பதை ஏன் 'கலாசாரம்' என்று விட்டுவிடுகிறார்?

தஞ்சைப் புறத்து இலாவணியிலே காமனைப் பற்றி இரு கட்சிகள் வாதாடும். எரிந்தான் என்பது ஒன்று, எரியவில்லை என்பது மற்றொன்று. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை முடிந்துவிட்டது, 2023இலே இருநூறாண்டு நினைவும் கொண்டாடித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தும் ஆயிற்று, இனியும் பழையதைக் கிளறுவானேன் என்று கேட்போர் எரிந்த கட்சியினர். நான் மற்றக் கட்சி.

மறுக்கப்பட்ட நாள் முதல், பல்கலைக்கழக விடுமுறையிலே நான் வீட்டிலிருக்கும் காலமெல்லாம், பிள்ளைக் காம்பராவின் பின்னாலுள்ள சிறு மட்டத் தரையிலே மாலை வேளைகளிற் கூடுகிறோம். அறுவராகத் தொடங்கினோம், இப்போது பதினொருவர். தப்புக்கு ஒரு பெண் கிடைக்கவில்லை. தப்பைப் பெண் தொடுவது மாத்திரமல்ல, இன்ன குடியிற் பிறக்காதவர் தொடுவதும் எங்களூரில் இன்னும் ஒரு கேள்வியாகவே இருக்கிறது. அதனையும் நாம் விழுங்கிவிட்டுப் பெண் விடுதலை பேச முடியாது. ஆகவே கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தட்டுகிறோம். முதல் மாதம் முழுவதும் ஆட்டம் என்று எதையும் பழகவில்லை. தாய்மாரை அழைத்து மலையில் நிற்பதுபோல நிற்கச் சொன்னோம், அவ்வளவே. அவர்கள் வெட்கப்பட்டார்கள். பின்னர் நின்றார்கள். மட்டத் தரையிலே நின்றபோதும் ஒரு கால் மடங்கியே இருந்தது.

நான் ரதியின் சுற்றை என் பரதக் காலால் எடுத்து வைத்தபோது, திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாயி, "அப்படிக் கால வச்சா சரிஞ்சு போயிருவ" என்று எழுந்து வந்தார். எழுபது கடந்தவர், முதுகு நிமிராது. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கீழ்க்காலின் வெளி விளிம்பிலே பாரத்தை இறக்கி, சாம்பல் இருப்பதாகப் பாவனை செய்த இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து காட்டினார். பாதிச் சுற்றிலே அவர் கை தானாகவே மார்புக்குப் போயிற்று. அக்காளின் பெயரைச் சொன்னார். என் தாயார் கூடையைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். "நிறுத்தாத" என்றார் அம்மாயி.

வருகின்ற மாசிக்கும் விண்ணப்பம் எழுதியாயிற்று. இம்முறை அதிலே பதினொரு கையெழுத்துகளும் ஒரு பெருவிரல் அடையாளமும் உண்டு. மறுப்பார்களாயின் பொட்டலுக்குப் போகமாட்டோம். கம்பம் ஊன்றிய மறுநாளிரவு லயத்து வாசலிலே ஆடுவோம். விளக்குக் கம்பம் ஒன்று அங்கே இருக்கிறது, அது எரிவதில்லை. மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.